நடுக்கடலில் மஞ்சள் மிதவை: படகைக் கட்டலாமா, அதன் அடியில் என்ன இருக்கிறது?

திருக்கடலூரான் (திங்கள், இரவு 8.15)

எல்லோருக்கும் வணக்கம். மாமா போன கிழமைதான் கடலால் வந்தார். திருகோணமலையில் இருந்து பலநாள் படகில் கிழக்கே ஒன்றரை நாள் ஓடிய பிறகு ஒரு பெரிய மஞ்சள் மிதவையைக் கண்டிருக்கிறார்கள். ஆளுயரத்தை விடப் பெரியது. மேலே சூரியத் தகடு, சுழலும் காற்றுமானி, அன்ரெனா எல்லாம் இருந்ததாம். சுற்றிவரச் சூரையும் பாரையும் நிறைந்து நின்றதால் இரவு முழுக்கப் படகை அதில் கட்டிவிட்டுத் தூண்டில் போட்டார்கள். நல்ல பாடு. விடியக் கயிற்றை அவிழ்க்கும்போது பார்த்தால் மிதவையின் கம்பம் ஒன்று வளைந்திருந்தது. படகு அலையில் மோதியிருக்க வேண்டும்.

மாமாவுக்கு அது மனதை உறுத்துகிறது. "படித்த ஆட்கள் யாரையும் கேட்டுப் பார், அது என்ன சாமான், நாங்கள் எதையும் கெடுத்துப் போட்டோமா" என்று என்னிடம் கேட்டார். நான் போன் திருத்தும் கடை வைத்திருப்பவன். எனக்கும் தெரியவில்லை. அதனால்தான் இங்கே வந்தேன்.

இன்னொன்று. இரவு என்ஜினை நிறுத்திவிட்டுப் படுத்திருந்தபோது படகின் அடியில் 'டக்... டக்... டக்' என்று யாரோ சுத்தியலால் தட்டுவது போலச் சத்தம் கேட்டதாம். ஒரே சீராக, நெடுநேரம். அந்த மிதவை சத்தம் போடுமா?

நிலாவெளி நீச்சல் (திங்கள், இரவு 8.31)

படம் ஏதும் எடுத்தார்களா? இருந்தால் போடுங்கள். இடத்தின் ஜிபிஎஸ் இலக்கத்தை மட்டும் இங்கே எழுத வேண்டாம். மீன் நிற்கும் இடம் என்று தெரிந்தால் நாளைக்கு 20 படகு போய்க் கட்டும்.

பழைய பௌதிகம் (திங்கள், இரவு 9.40)

தம்பி, ஒன்றில் அது வானிலை மிதவை, இல்லாவிட்டால் சுனாமி மிதவை. காற்றுமானி இருந்தது என்று சொல்வதால் முதலாவது வகையாக இருக்கலாம். மாமா கண்டது தலையை மட்டும்தான். அதன் கீழே ஒரு வடம் இறங்குகிறது. முதல் 500 மீற்றருக்கு இடையிடையே வெப்பநிலையையும் உப்புத்தன்மையையும் அளக்கும் உணரிகள் கட்டியிருக்கும். அதற்கும் கீழே கயிறு மட்டும், பல கிலோமீற்றர், கடலடியில் நங்கூரம் வரை. செய்மதி கடலின் தோலைத்தான் பார்க்கும். வங்காள விரிகுடாவில் புயல் வலுப்பதோ தோலுக்குக் கீழே எத்தனை மீற்றருக்குச் சூடான நீர் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. 2020 டிசம்பரில் புரெவி எங்கள் ஊருக்குச் சற்று வடக்கே கரையேறியதே, அப்படியான புயல்களைக் கணிக்கிறவர்களுக்கு இந்த வடம் சொல்லும் செய்தி வேண்டும்.

சுனாமி மிதவை வேறு மாதிரி. அங்கே முக்கியமான கருவி மேலே இல்லை, அடியில் இருக்கிறது. கடலடியில் ஓர் அழுத்தமானி உட்கார்ந்துகொண்டு தன் தலைக்கு மேல் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று அளந்தபடி இருக்கும். 6,000 மீற்றர் ஆழத்தில் இருந்தாலும் நீர்மட்டம் ஒரு சென்ரிமீற்றர் ஏறினால் அதற்குத் தெரியும். வற்றுப்பெருக்கு ஏறி இறங்கும் வேகத்தை அது அறியும்; அந்தக் கணக்குக்குப் பொருந்தாத மாற்றம் வந்தால் உடனே ஒலியால் மேலே உள்ள மிதவைக்குச் சொல்லும். மிதவை செய்மதிக்குச் சொல்லும். ஏன் ஒலி என்றால், வானொலி அலை உப்பு நீருக்குள் சில மீற்றர் கூட உருப்படியாகப் போகாது.

மாமா கேட்ட தட்டும் சத்தம் அந்த ஒலிப் பேச்சாக இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

கிண்ணியாக்காரன் (திங்கள், இரவு 10.05)

சேர், ஒரு சென்ரிமீற்றரா? அலை அடிக்கும் கடலில் ஒரு சென்ரிமீற்றரை எப்படிப் பிரித்து அறிவது? நாங்கள் கடலில் நிற்கும்போதே படகு இரண்டு பாகம் (பன்னிரண்டு அடி) ஏறி இறங்குகிறது.

பழைய பௌதிகம் (திங்கள், இரவு 10.22)

நல்ல கேள்வி. காற்றால் எழும் அலையின் அசைவு ஆழத்துக்குப் போகப் போகச் செத்துவிடும். நூறு, இருநூறு மீற்றருக்குக் கீழே அது இல்லை. சுனாமி அப்படியில்லை, மேலிருந்து அடிவரை முழுத் தண்ணீரும் அசைகிறது. ஆகவே அடியில் இருப்பவனுக்குக் காற்றலை கேட்காது, சுனாமி மட்டும் கேட்கும். ஆழம்தான் அங்கே வடிகட்டி.

2004 சுனாமியின்போது செய்மதி ஒன்று தற்செயலாக வங்காள விரிகுடாவுக்கு மேலால் போனபோது அளந்த அலையின் உயரம் சுமார் 60 சென்ரிமீற்றர்தான். நடுக்கடலில் நின்ற படகுகளுக்கு ஒன்றுமே தெரியவில்லை. 4,000 மீற்றர் ஆழத்தில் அது மணிக்கு 700 கிலோமீற்றருக்கு மேல் ஓடும்.

மூதூர்ப் பிள்ளை (செவ்வாய், காலை 6.50)

சேர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்று இரவு முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று பூகம்பம் எங்கள் நேரப்படி காலை 6.58க்கு. எங்கள் கரைக்கு அலை வர ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் எடுத்தது. அந்த இரண்டு மணித்தியாலமும் தண்ணீர் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது, இந்து சமுத்திரம் முழுவதிலும் அதைச் சொல்ல இப்படி ஒரு மிதவைகூட இருக்கவில்லை. எனக்கு 7 வயது. பெரியம்மா காலையில் கடற்கரைக்கு மீன் வாங்கப் போனார். இரண்டு மணித்தியாலம் என்பது மூதூரில் இருந்து நடந்தே தப்பக்கூடிய நேரம். நடக்கத் தெரிந்த எல்லோரும் தப்பியிருக்கலாம்.

அதற்குப் பிறகுதான் இந்தச் சமுத்திரத்தில் சுனாமி மிதவைகள் வந்தன. ஹைதராபாத்தில் 2007இல் எச்சரிக்கை நிலையம் தொடங்கியது. நான் மாத்தறைக்குப் போய்க் கடல் விஞ்ஞானம் படித்ததற்கும் அந்தக் காலைதான் காரணம்.

திருக்கடலூரான் அண்ணா, மாமாவைக் குறை சொல்ல வரவில்லை. அவருக்கு உறுத்துகிறது என்பதே பெரிய விஷயம். ஆனால் படகை அதில் கட்ட வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். 15 தொன் படகு இரவு முழுக்க இழுத்தால் வடம் தேயும். வடம் அறுந்தால் மிதவை எங்கோ போய்விடும். அதைத் திருத்த ஒரு கப்பல் வர வேண்டும், அது வரும்வரை அந்த இடத்தில் காது இல்லை.

கிண்ணியாக்காரன் (செவ்வாய், பகல் 12.40)

தங்கச்சி, உங்கள் பெரியம்மாவுக்கு நடந்தது எங்கள் கிண்ணியாவிலும் நடந்தது. அதை நான் மறக்கவில்லை. இருந்தாலும் கடற்றொழிலாளி பக்கத்தையும் பேச வேண்டும்.

ஒரு பயணத்துக்கு டீசல், ஐஸ், இரை, சாப்பாடு என்று போட்டால் மீன் இல்லாமல் திரும்ப முடியாது. மிதக்கிற எதன் கீழும் மீன் கூடும். தென்னோலை கட்டி விட்டாலே கூடும். அப்படியிருக்கக் கடவுளே கொண்டுவந்து வைத்தது போல ஒரு மிதவை நின்றால் எந்தச் சம்மாட்டி விட்டுவிட்டு வருவான்? அதில் எங்களுக்கு விளங்கும் பாஷையில் என்ன எழுதியிருக்கிறது? அது என்ன, எதற்கு, எத்தனை பாகம் தள்ளி நிற்க வேண்டும் என்று துறைமுகத்தில் யாரும் வந்து சொன்னார்களா?

நான் சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன். சில வருடத்துக்கு முன் எங்கள் வலையில் ஆள் உயரமான ஒரு குழாய் வந்தது. தலையில் சின்ன அன்ரெனா. குண்டாக இருக்குமோ என்று பயந்து கரைக்குக் கொண்டுவந்து ஓர் அலுவலகத்துக்கு மூன்று தரம் போன் எடுத்தேன். அங்கே கேள், இங்கே கேள் என்றார்கள், ஒருவரும் வரவில்லை. இரண்டு வருடம் வாடியின் மூலையில் கிடந்தது. பிறகு எங்கே போனதோ தெரியாது. திருப்பிக் கொடுக்க நினைத்தவனுக்கே வழி இல்லை.

மூதூர்ப் பிள்ளை (செவ்வாய், பிற்பகல் 1.15)

நானா, நீங்கள் சொல்வது நியாயம். மிதவை வைக்கிறவர்கள் துறைமுகத்துக்கு வந்து, படம் காட்டி, தமிழிலும் சிங்களத்திலும் சொல்ல வேண்டும். அதில் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை.

உங்கள் வலையில் வந்தது ஆர்கோ மிதப்பான் என்று நினைக்கிறேன். உலகம் முழுக்கச் சுமார் 4,000 இருக்கின்றன. அதற்கு என்ஜின் கிடையாது. உடம்புக்குள் இருக்கும் எண்ணெயை வெளியே உள்ள ஒரு பைக்குள் தள்ளும். பை ஊதினால் எடை மாறாமல் பருமன் கூடும், மேலே எழும். எண்ணெயைத் திரும்ப இழுத்தால் தாழும். 1,000 மீற்றரில் நீரோட்டத்தோடு அலையும். 10 நாளுக்கு ஒருமுறை 2,000 மீற்றருக்கு இறங்கி, அங்கிருந்து மேலே வரும்வரை அளந்துகொண்டே வந்து, செய்மதிக்கு அனுப்பிவிட்டுத் திரும்பத் தாழும். பற்றரி தீரும்வரை இப்படியே பல வருடம்.

நான் படிக்கும்போது என்னை மிகவும் கவர்ந்த கருவி இதுதான். மீனின் காற்றுப்பை செய்கிற வேலையை ஒரு குழாய் எண்ணெயை வைத்துக்கொண்டு செய்கிறது.

திருக்கடலூரான் (செவ்வாய், இரவு 7.20)

எல்லாவற்றையும் மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். தாடியைத் தடவிக்கொண்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு "எங்கள் கோணேசர் கோயிலடியில் என்ன ஆழம் என்று அவர்களிடம் கேள்" என்றார். கோயில் நிற்கும் சுவாமி மலையைத் தாண்டிக் கொஞ்சத் தூரம் போனதும் படகில் உள்ள பிஷ் பைன்டர் அடியைக் காட்டாமல் இலக்கத்தைச் சிமிட்டத் தொடங்குமாம். முன்பு தாத்தா ஈயக்குண்டு கட்டிய கயிறு விட்டுப் பார்த்து, "இங்கே கடலுக்கு அடி கிடையாது" என்று சொல்வாராம்.

பழைய பௌதிகம் (செவ்வாய், இரவு 8.55)

தாத்தா சரியான இடத்தைத்தான் தொட்டிருக்கிறார். கொட்டியாரக் குடாவுக்குள் தலை வைத்து, வெளியே போகப் போக ஆழமாகும் ஒரு கடலடிப் பள்ளத்தாக்கு இருக்கிறது. உலகின் பெரிய கடலடிப் பள்ளத்தாக்குகளில் ஒன்று. வெளிப்பக்கத்தில் ஆழம் 3,000 மீற்றரைத் தாண்டும். இலங்கையின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலையை அதற்குள் இறக்கி வைத்தால் உச்சிக்கு மேலே இன்னும் சில நூறு மீற்றர் தண்ணீர் நிற்கும். மற்ற ஊர்களில் இந்த ஆழத்தைத் தேடி நாள் கணக்கில் ஓட வேண்டும். எங்களுக்கு வாசலில்.

பிஷ் பைன்டர் ஏன் சிமிட்டுகிறது? அது அனுப்பும் ஒலி மிகக் கீச்சானது. பெரும்பாலும் 200 கிலோஹேட்ஸ் அல்லது 50 கிலோஹேட்ஸ். கீச்சான ஒலியைத் தண்ணீர் சீக்கிரம் விழுங்கிவிடும். தேர் தெருமுனையில் வரும்போதே தவிலின் கும் ஒலி காதுக்கு வந்துவிடுகிறது, தாளத்தின் கிண்கிணி கிட்ட வந்த பிறகுதான் கேட்கிறது. அதே கதை. ஆழம் அளக்கும் கப்பல்கள் 12 கிலோஹேட்ஸ் போலத் தாழ்ந்த ஒலியைப் பயன்படுத்துகின்றன. தண்ணீரில் ஒலி விநாடிக்கு 1,500 மீற்றர் போகும். ஆக 3,000 மீற்றர் அடியைத் தொட்டுத் திரும்ப 4 விநாடி. ஒரு கதிரை மட்டும் அனுப்பாமல் விசிறி போல நூற்றுக்கணக்கான கதிர்களை இரு பக்கமும் ஒரே தடவையில் விரித்து, திரும்பி வரும் ஒவ்வொன்றின் நேரத்தையும் கணக்கிட்டு வரைபடம் போடுவார்கள். பல்கதிர் ஒலிமானி என்று சொல்லலாம்.

ஆனாலும் அதற்கு ஒரு குறை. கதிர் ஒரு பாகை அகலம் என்றால் 3,000 மீற்றருக்குக் கீழே அது 50 மீற்றர் வட்டமாகிவிடும். ஒரு பலநாள் படகு அடியில் கிடந்தால் அந்த வட்டத்துக்குள் கரைந்துபோகும். கண்ணுக்குத் தெரியும் அளவு விபரம் வேண்டுமென்றால் கருவி அடிக்குக் கிட்டப் போக வேண்டும். மலேசிய விமானம் எம்.எச். 370ஐத் தேடியபோது தெற்கு இந்து சமுத்திரத்தில் இரண்டையும் செய்தார்கள். முதலில் கப்பலில் இருந்து மலையும் பள்ளமும் தெரிய வரைபடம். பிறகு அடிக்கு அருகில் கருவியை இழுத்துக்கொண்டு 120,000 சதுர கிலோமீற்றர். விமானம் கிடைக்கவில்லை. யாரும் அறியாத பழைய கப்பல்கள் சில கிடைத்தன.

உலகக் கடலடியில் இப்படி ஒழுங்காக அளந்தது இன்றைக்கும் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான்.

கிண்ணியாக்காரன் (செவ்வாய், இரவு 9.10)

அளக்க வருகிற கப்பல் அளப்பதற்குத்தான் வருகிறதா என்பதே எங்கள் நாட்டில் பிரச்சினை. அதனால்தானே 2024இல் வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்களை ஒரு வருடத்துக்கு நிறுத்தினார்கள். கடலடி வரைபடம் நீர்மூழ்கிக்காரனுக்கும் உதவும்.

நெறியாளர் (செவ்வாய், இரவு 9.32)

கப்பல் அரசியலுக்கு வேறு இழை இருக்கிறது. இங்கே கருவிகளோடு நிற்போம்.

நிலாவெளி நீச்சல் (புதன், காலை 5.45)

நான் 14 வருடமாகச் சுழியோடி. வெளிநாட்டுக்காரரைப் புறாமலைக்கும் சுவாமி மலை அடிக்கும் கூட்டிக்கொண்டு போகிறேன். 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் பழைய கோயிலின் தூண்களைக் கண்டது அதே மலையடியில்தான். முதல் தடவை அந்தக் கல்லைக் கையால் தொட்டபோது எனக்கு அழுகை வந்தது. முகமூடிக்குள் அழுதால் துடைக்க முடியாது.

எங்கள் எல்லை 40 மீற்றர். மட்டக்களப்புக்கு அப்பால் 1942இல் மூழ்கிய ஹேர்மிஸ் கப்பல் 50 மீற்றருக்குச் சற்றுக் கீழே, அதற்கே தனிப் பயிற்சி வேண்டும். அப்படியென்றால் நான் தினமும் இறங்குவது 3,000 மீற்றர் வீட்டின் கூரை ஓட்டில் ஒரு விரற்கடை. கருவி இறங்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கமரா அனுப்பும் படத்தைப் பார்ப்பதும் நானே போய்ப் பார்ப்பதும் ஒன்றல்ல. மனிதன் இறங்க வேண்டும்.

வங்கக்கடல் (புதன், காலை 10.20)

வணக்கம், சென்னையிலிருந்து எழுதுகிறேன். மேலே எழுதிய நண்பருக்கு ஒரு செய்தி. எங்கள் ஊர் பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் 'மத்ஸ்யா 6000' என்ற கலத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறது. சமுத்திரயான் திட்டம் அதுதான். மூன்று பேர் உட்காரும் டைட்டேனியம் உருண்டை, உள்விட்டம் 2.1 மீட்டர், சுவரின் தடிமன் 80 மில்லிமீட்டர். 6,000 மீட்டர் வரை இறங்கும்படி வடிவமைத்திருக்கிறார்கள். வழக்கமான பயணம் 12 மணி நேரம், சிக்கல் வந்தால் 96 மணி நேரம் உயிர் தாங்கும். 2025 தொடக்கத்தில் காட்டுப்பள்ளி துறைமுகத்தில் தண்ணீருக்குள் வைத்துச் சோதித்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் இந்தியர் இருவர் பிரான்சின் நாட்டீல் கலத்தில் அட்லாண்டிக்கில் பயிற்சிக்காக இறங்கி வந்தார்கள், ஒருவர் 5,002 மீட்டர் வரை. நம் கடலுக்குள் நம்மவர்கள் இறங்கப்போகும் நாளை நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

திருக்கடலூரான் (புதன், பகல் 1.05)

ஏன் உருண்டை? டைட்டானிக்கைப் பார்க்கப் போய் நொறுங்கிய டைட்டன் கலம் உருளையாகத்தானே இருந்தது?

பழைய பௌதிகம் (புதன், பகல் 2.30)

அதில்தான் வித்தியாசம். 10 மீற்றருக்கு ஒரு வளிமண்டலம் என்ற கணக்கில் அழுத்தம் ஏறும். 3,000 மீற்றரில் உங்கள் சுண்டுவிரல் நகத்தளவு இடத்தில் 300 கிலோ. ஆறு மூடை சீமெந்தை நகத்தின் மேல் அடுக்கியது போல. உருண்டை அந்தப் பாரத்தை எல்லாப் பக்கமும் சமமாகப் பகிர்ந்துகொள்ளும். உருளையில் நீட்டுப்பக்கம் ஒரு மாதிரியும் வளைவு வேறு மாதிரியும் நசுங்கப் பார்க்கும். மூடியும் உடலும் சேரும் இடம் பலவீனம்.

1934இல் பீபியும் பார்ட்டனும் உருக்கு உருண்டைக்குள் கம்பியில் தொங்கி 923 மீற்றர் போனார்கள். 1960 ஜனவரி 23இல் பிக்கார்டும் வோல்ஷும் திரியெஸ்ற் கலத்தில் மரியானா ஆழத்தின் அடியைத் தொட்டபோதும் ஆட்கள் இருந்தது ஓர் உருக்கு உருண்டைக்குள்தான். இறங்க ஏறக்குறைய 5 மணித்தியாலம், அடியில் நின்றது 20 நிமிடம். 2019இல் இருந்து திரும்பத் திரும்ப அந்த ஆழத்துக்குப் போய்வந்த கலமும் 90 மில்லிமீற்றர் டைட்டேனிய உருண்டை.

டைட்டனின் உடல் கார்பன் இழை. இழுத்தால் தாங்கும் பொருள், நசுக்கினால் அப்படியில்லை. அதோடு ஒவ்வொரு தடவை இறங்கி ஏறும்போதும் படைகளுக்கிடையில் மெல்லிய பிளவு சேர்ந்துகொண்டே போகும், வெளியில் தெரியாது. எந்தத் தர நிறுவனத்தின் சான்றும் இல்லாமல் 2023 ஜூன் 18இல் ஐந்து பேர் அதில் போனார்கள். அந்தச் செய்தி வந்த நாள் நான் தூங்கவில்லை. சோதனையைச் செலவாக நினைக்கிறவன் கடலுக்கு இறங்கக் கூடாது.

ஆகவே நிலாவெளித் தம்பியோடு எனக்கு உடன்பாடு இல்லை. கருவி போகட்டும். ஜப்பானின் கைகோ என்ற ஆளில்லாக் கலம் 1995இல் 10,911 மீற்றர் தொட்டது. 2003இல் கம்பி அறுந்து தொலைந்தது. அமெரிக்காவின் நீரியஸ் 2014இல் நியூசிலாந்துப் பக்கம் 9,900 மீற்றரில் நொறுங்கியது. பெரிய நட்டம்தான். ஆனால் எந்த வீட்டிலும் அழுகுரல் கேட்கவில்லை.

மூதூர்ப் பிள்ளை (புதன், இரவு 8.10)

சேர், உருண்டை விஷயத்தில் ஒரு சொல் எதிர் இல்லை. மனிதனா கருவியா என்பதில் நான் நடுவில் நிற்கிறேன். ஒரு கதை சொல்கிறேன்.

1977 பெப்ரவரி, கலாபகோஸ் தீவுகளுக்குப் பக்கத்தில் 2,500 மீற்றர் ஆழம். முதலில் கப்பலில் இருந்து கம்பியில் ஒரு கமராச் சட்டத்தை இழுத்துக்கொண்டு போனார்கள். ஓர் இடத்தில் வெப்பமானி கொஞ்ச நேரம் ஏறி இறங்கியது. படச்சுருளைக் கழுவிப் பார்த்தால் ஆயிரக்கணக்கான படங்களில் வெறும் கருங்கல். வெப்பம் ஏறிய அந்தச் சில படங்களில் மட்டும் கடலடி முழுக்கச் சிப்பிகள். அடுத்த நாள் ஆல்வின் கலத்தில் மூன்று பேர் இறங்கினார்கள். வெந்நீர் ஊற்று. சூரிய ஒளியே எட்டாத இடத்தில், பூமியின் சூட்டில் இருந்து வரும் இரசாயனத்தை உண்ணும் நுண்ணுயிர்களை நம்பி ஒரு முழு ஊர் வாழ்ந்துகொண்டிருந்தது. கப்பலில் இருந்தவர்கள் பாறை ஆய்வாளர்கள். உயிரியல் ஆள் ஒருவரும் இல்லை. பிடித்த உயிரினங்களைப் பதப்படுத்தப் போதிய மருந்து இல்லாமல் வோட்காவில் போட்டு வைத்தார்கள்.

இடத்தைக் காட்டியது கருவி. ஆனால் யாரும் எதிர்பார்க்காததைக் கண்டதும் "அங்கே திருப்பு, அதை எடு" என்று அந்த நிமிடமே சொன்னது கலத்துக்குள் இருந்த ஆள். எங்கள் இந்து சமுத்திரத்தில் முதல் வெந்நீர் ஊற்றைக் கண்டது 2000ஆம் ஆண்டில் சேர் சொன்ன அதே கைகோ. ஆளில்லாக் கலம்தான், ஆனால் மேலே திரைக்கு முன்னால் ஆட்கள் கண் இமைக்காமல் இருந்தார்கள். ஆகவே ஆள் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதை விட, பார்க்கத் தெரிந்த ஆள் இருக்கிறாரா என்பதுதான் எனக்குப் பெரிது. எங்கள் வாசலில் உள்ள பள்ளத்தாக்கைப் பார்க்கத் தெரிந்த பிள்ளைகள் இந்த ஊரில் எத்தனை பேர்?

நிலாவெளி நீச்சல் (புதன், இரவு 8.25)

தங்கச்சி, இதை எங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வந்து சொல்லுங்கள். நான் ஒழுங்கு செய்கிறேன்.

மூதூர்ப் பிள்ளை (புதன், இரவு 8.40)

வருகிறேன் அண்ணா, திகதி சொல்லுங்கள்.

திருக்கடலூரான் அண்ணாவின் முதல் கேள்விக்கு இன்னும் ஒரு பதில் பாக்கி இருக்கிறது. அந்தத் தட்டும் சத்தம். மிதவையின் ஒலிப் பேச்சு என்று சேர் நினைத்தார். அது வந்தால் சுருக்கமாக, விட்டுவிட்டு வரும். மாமா சொன்னது ஒரே சீராக, நெடுநேரம். இரண்டு தட்டுக்கு இடையில் எவ்வளவு நேரம் என்று அவரிடம் கேட்க முடியுமா?

திருக்கடலூரான் (புதன், இரவு 9.02)

கேட்டேன். மேசையில் தட்டிக் காட்டினார், போனில் நேரம் பிடித்தேன். விநாடிக்கு ஒன்று, இரண்டு. சில நேரம் ஒரு தட்டுக்கு இன்னொரு தட்டு பதில் சொல்வது போல வேறு பக்கத்தில் இருந்தும் வந்ததாம்.

மூதூர்ப் பிள்ளை (புதன், இரவு 9.10)

அது ஸ்பேர்ம் திமிங்கிலம்! ஏறக்குறைய நிச்சயம். ஆயிரம் மீற்றர் இருட்டுக்குள் இறங்கிக் கணவாய் தேடும்போது அரை விநாடி, ஒரு விநாடிக்கு ஒரு தட்டு என்று விட்டுக்கொண்டே போகும். திரும்பும் எதிரொலியில் இரை எங்கே என்று அறியும். பழைய காலத்துத் திமிங்கில வேட்டைக்காரர் மரக் கப்பலின் அடியில் இதே சத்தத்தைக் கேட்டுத் 'தச்சன் மீன்' என்று பெயர் வைத்தார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட பக்கத்தில் இருந்து வந்தது என்றால் கூட்டமாக நின்றிருக்கின்றன. மார்ச், ஏப்ரலில் எங்கள் பக்கம் கூட்டமாக வருவது தெரிந்ததுதானே.

சேர் சொன்ன ஒலிமானியை எங்களுக்கு முன்பே கட்டி வைத்திருக்கிறது அந்தப் பிராணி.

பழைய பௌதிகம் (புதன், இரவு 9.35)

பிள்ளை, என் ஊகம் தவறு. திருத்தியதற்கு நன்றி. இந்த வயதில் ஒரு புதுச் செய்தி கிடைத்ததில் மனம் நிறைந்துவிட்டது.

தம்பி, நீங்கள் போன் கடைக்காரர் என்றீர்கள். பஸ்ஸருக்குள் இருக்கும் வட்டப் பித்தளைத் தகடு, பீசோ தகடு, கடையில் இருக்குமே? அதை அழுத்தினால் மின்னழுத்தம் வரும். கவசம் போட்ட வயரைப் பற்றவைத்து, தண்ணீர் ஒரு துளியும் போகாமல் எப்பொக்சிக்குள் முழுதாகப் புதைத்து, மறு முனையில் சின்ன அம்ப்ளிபயரோடு போனை இணைத்தால் கடலுக்குள் ஒரு காது. 10, 15 மீற்றர் வயர் போதும், என்ஜின் நிற்க வேண்டும், அவ்வளவுதான். வயரில் ஒரு ஈயக்குண்டு கட்டுங்கள், தாத்தாவின் ஈயக்குண்டு இருந்தால் அதையே.

திருக்கடலூரான் (வியாழன், இரவு 10.50)

இன்று கடையைப் பூட்டிய பிறகு மூன்று செய்தேன். முதலாவது வாளித் தண்ணீரில் விட்டதும் செத்துவிட்டது, பற்றவைத்த இடத்தில் எப்பொக்சி பிடிக்கவில்லை. மற்ற இரண்டும் வேலை செய்கின்றன. வாளியின் விளிம்பை நகத்தால் சுரண்டினால் போனில் இடி போலக் கேட்கிறது. ஈயக்குண்டு மாமாவிடம் இருக்கிறது, தருகிறார். ஒரு நிபந்தனை, தானும் வருவாராம். பள்ளத்தாக்குக்கு மேலே போக ஒரு வள்ளம் வேண்டும். யாரிடமாவது இருக்கிறதா?

கிண்ணியாக்காரன் (வியாழன், இரவு 11.05)

என்னுடையது இருக்கிறது. 23 அடி, 25 குதிரைவலு. நாளைக்கு வெள்ளி, தொழுகை முடிய என்ஜினைப் பார்த்து வைக்கிறேன். சனி விடிய 4.30க்குப் பாலத்தடிக்கு வாருங்கள், காற்று எழும்ப முன் போய் வந்துவிட வேண்டும். ஐந்து பேருக்கு உயிர்காப்பு அங்கி இருக்கிறது. மாமாவையும் சேர்த்தால் சரியாக வரும். சேர் வருவாரா?

பழைய பௌதிகம் (வியாழன், இரவு 11.08)

வருவேன்.

மூதூர்ப் பிள்ளை (வியாழன், இரவு 11.20)

நானும் வருகிறேன். திமிங்கிலம் கண்ணில் பட்டால் கிட்டப் போகாமல் தள்ளி நின்று என்ஜினை நிறுத்த வேண்டும், நானா. போனில் பதிவு செய்ய இடம் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள், அண்ணா. ஒவ்வொரு பதிவும் தொடங்கும்போது நேரத்தையும் ஜிபிஎஸ் இலக்கத்தையும் வாயால் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பிறகு எது எங்கே என்று தெரியாது.